கொன்சர்வேஷன் ஏரியாவில விக்டோரியன் வீடு: ஸ்லேட்டைக் கழட்டிப்போட்டு கொங்கிறீட் ஓடு போடலாமோ?

கடைசிவீடு

எல்லாருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில 1890களில கட்டின டெரஸ் வீடு, வரிசையில கடைசி வீடு எங்கட. போன மாரியில பின்னறைச் சீலிங்கில மண்ணிறத்தில ஒரு படை வந்தது. இப்ப அது சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பெருத்துப் போச்சு.

கூரை வேலை செய்யிற ரூஃபர்மார் இரண்டு பேர் வந்து பார்த்தவை. முதலாமவர் றோட்டில நிண்டபடியே அண்ணாந்து பார்த்திட்டு, கூரையில இருக்கிற ஸ்லேட் கல்லு எல்லாம் முடிஞ்சுது, முழுக்கக் கழட்டிக் கொங்கிறீட் ஓடு போடுவம், அனுமதி ஒண்டும் தேவையில்லை, பக்கத்து வீட்டைப் பாருங்கோ எண்டார். மற்றவர் இயற்கை ஸ்லேட்தான் போடவேணும் எண்டு சொல்லி ஆறாயிரம் பவுண் கூடக் கேக்கிறார். இதுக்கிடையில கதவு தட்டின ஒருத்தர், ஒண்டையும் கழட்டத் தேவையில்லை, கூரைக்குக் கீழ லோஃப்டுக்குள்ள இருந்து ஃபோம் அடிச்சு விடுறன் எண்டு துண்டு தந்திட்டுப் போயிருக்கிறார்.

வீடு வாங்கேக்க சொலிசிட்டர் அனுப்பின கடதாசியில கொன்சர்வேஷன் ஏரியா (பழைய தோற்றத்தைப் பாதுகாக்கிற இடம்) எண்டு ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். வரிசையில அரைவாசி வீட்டில ஏற்கெனவே கொங்கிறீட் ஓடு. அவையள் போடலாமெண்டால் நான் ஏன் போடேலாது? மாரிக்கு முன்னம் முடிக்கவேணும் எண்டு என்ர மனுசன் நிக்கிறார். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்கன்

பக்கத்து வீட்டுல போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன யோசனை? நான் இருக்கிறது க்ராய்டன் பக்கம். எங்களுக்கு முன்னாடி இருந்தவர் எண்பதுகள்லயே ஸ்லேட்டை எடுத்துட்டு கான்கிரீட் ஓடு போட்டுட்டார். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலை. அந்த ஆறாயிரத்துல பாய்லரை மாத்துங்க. கூரையை யாருங்க அண்ணாந்து பார்க்கிறாங்க?

மாடிப்படி

கவுன்சில்காரர்கள் பார்ப்பார்கள் கணக்கன் சார். பிளானிங் கன்சல்டன்சி ஒன்றில் வரைபடம் போடுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கொன்சர்வேஷன் ஏரியா என்பதாலேயே கூரை ஓட்டை மாற்றத் தடை வந்துவிடாது. 1967-இல் சிவிக் அமெனிட்டீஸ் சட்டம் வந்தபோது லிங்கன்ஷையரில் ஸ்டாம்ஃபோர்ட் ஊர்தான் முதலில் அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் மட்டும் சுமார் பத்தாயிரம் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலான இடங்களில், ஃபிளாட்டுகளாகப் பிரிக்காத வீடாக இருந்தால், கூரையை மாற்றுவது விண்ணப்பமே தேவைப்படாத 'கிளாஸ் சி' என்ற பொது அனுமதிக்குள் வந்துவிடும். பழைய சரிவைவிட 150 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே துருத்தக் கூடாது, முகட்டைவிட உயரம் போகக் கூடாது. ஸ்லேட்டுக்குப் பதில் வேறு ஓடு போடக் கூடாது என்று அதில் எழுதியில்லை. டார்மர் (கூரையிலிருந்து துருத்தும் ஜன்னல்) வைத்து லாஃப்டைப் பெரிதாக்குவது வேறு கதை. கொன்சர்வேஷன் ஏரியாவில் அதற்கு முழு விண்ணப்பம் போட்டே ஆகவேண்டும்.

ஆனால் கவுன்சில் நினைத்தால் அந்தப் பொது அனுமதியைக் குறிப்பிட்ட தெருக்களுக்கு மட்டும் பிடுங்கிக்கொள்ளலாம். அதுதான் ஆர்ட்டிக்கிள் 4. பல இடங்களில் தெருவைப் பார்த்த முன்கூரைக்கு மட்டும் போட்டிருப்பார்கள். ஜன்னல், கதவு, முன்சுவர் எல்லாம் சேர்த்து மூடிய இடங்களும் உண்டு. உங்கள் தெருவுக்கு அது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கவுன்சில் இணையதளத்தில் வரைபடம் இருக்கும். வீடு வாங்கியபோது வந்த லோக்கல் சர்ச் அறிக்கையிலும் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு கவுன்சிலின் திட்ட அதிகாரிக்கு (டியூட்டி பிளானர்) ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக் கதைக்கு வருகிறேன். அவர்கள் ஆர்ட்டிக்கிள் 4 வருவதற்கு முன்பே போட்டிருக்கலாம். அனுமதியில்லாமல் போட்டு, கவுன்சில் கண்ணில் படாமல் காலக்கெடு தாண்டியிருக்கலாம். முன்பு நாலு வருஷம் கழிந்தால் நடவடிக்கை எடுக்க முடியாது. 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு முடிந்த வேலைக்கு இங்கிலாந்தில் அது பத்து வருஷம். ஆகவே அவர் தப்பித்த வழி உங்களுக்குத் திறந்திருக்காது. வீடு லிஸ்டட், அதாவது பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலிட்டது, இல்லையே? லிஸ்டட் என்றால் ஒப்புதல் இல்லாமல் கை வைப்பதே குற்றவியல் குற்றம்.

ஈயத்தகடு

தங்கச்சி, அனுமதியை மாடிப்படி பார்த்துக்கொள்ளட்டும். நான் கேக்கிறது வேற. அந்த இரண்டு பேரில ஒருத்தராவது ஏணி வைச்சு மேல ஏறினவையோ? லோஃப்டுக்குள்ள டோர்ச் அடிச்சுப் பார்த்தவையோ?

கன வருசமாய் இதே வேலைதான் எனக்கு. விக்டோரியன் கூரையில பெரும்பாலும் சாகிறது ஆணி, ஸ்லேட் இல்லை. அந்தக் காலத்தில இரும்பாணி அடிச்சவை. நூறு வருசத்தில அது கறள் பிடிச்சுத் தேய்ஞ்சு, தலை கழண்டு, ஸ்லேட் சறுக்கி இறங்கும். கீழ நிண்டு பார்க்கிற ஆளுக்குக் கூரை முழுக்க உதிருது மாதிரித் தெரியும். கழட்டி எடுத்து விரல் மொழியால தட்டிப் பாருங்கோ, மணி மாதிரி ஒலிச்சால் அந்த ஸ்லேட் இன்னும் உங்கட பேரப்பிள்ளையள் காலம் வரைக்கும் கிடக்கும். மொத்தையாய்ச் சத்தம் வந்தால், அல்லது விளிம்பு பிஸ்கட் மாதிரிப் பொருக்குப் பொருக்காய்ப் பிரிஞ்சால், அது முடிஞ்சுது.

இதையெல்லாம் பார்த்து ஃபோட்டோ போடுங்கோ:
ஸ்லேட் நுனியில ஈயத்தில வளைச்ச சின்னக் கொழுக்கியள் தொங்குதோ, எத்தினை?
லோஃப்டுக்குள்ள மேல பார்த்தால் ஸ்லேட்டுக்குக் கீழ விரிக்கிற கறுப்பு ஃபெல்ட் தெரியுதோ, நேர ஸ்லேட்டின்ட முதுகு தெரியுதோ?
கைமரம் சேருற இடங்களில ஈரக் கறை எங்க கூட? புகைபோக்கியைச் சுற்றியோ, பக்கத்து வீட்டோட சேருற கரையிலயோ, நடுவிலயோ?

கடைசிவீடு

நேற்று இவர் ஏறிப் பார்த்தவர். படம் போட்டிருக்கிறன். பின்பக்கம் ஈயக் கொழுக்கி கன இடத்தில இருக்கு, முன்பக்கம் அங்கொண்டு இங்கொண்டுதான். ஃபெல்ட் இல்லை, நேர ஸ்லேட்தான் தெரியுது. ஸ்லேட்டுக்குக் கீழ வெள்ளையாய்ச் சாந்து மாதிரி ஏதோ பூசி, அது கட்டி கட்டியாய் விழுந்து கிடக்கு. றோட்டில நிண்டு பார்த்தவர் அதைத்தான் கூரை உக்கிப் போச்சு எண்டவரோ தெரியாது. ஈரம் கூட இருக்கிறது புகைபோக்கியடியிலயும் பக்கத்து வீட்டுக் கரையிலயும். நடுவில காய்ஞ்சு கிடக்கு.

ஈயத்தகடு

படம் நல்லாய் இருக்கு, உங்கட அவருக்குப் புண்ணியம்.

அந்த வெள்ளைச் சாந்து சுண்ணாம்பு. ஃபெல்ட் இல்லாத காலத்தில காத்தும் பனித்தூளும் உள்ளுக்கு வராமல் ஸ்லேட்டின்ட உட்பக்கத்தில சுண்ணாம்புச் சாந்தில மயிர் கலந்து பூசுவினம். அது விழுறது வயசுக்கு வாற சங்கதி, கூரை செத்ததுக்கு அடையாளமில்லை. கொழுக்கியள் எண்டது வேற. சறுக்கின ஸ்லேட்டை ஒவ்வொண்டாய்த் திருப்பி ஏத்தி ஈயப் பட்டியால பிடிச்சு வைச்ச அடையாளம் அது. பத்துப் பதினைஞ்சு இருந்தால் பரவாயில்லை. உங்கட பின்பக்கம் மாதிரி வரிக்கு வரி தொங்கினால், ஆணி முழுக்கப் போயிட்டுது எண்டு அர்த்தம். பின்பக்கம் கழட்டி அடிக்கத்தான் வேணும். முன்பக்கம் இன்னும் கொஞ்சக்காலம் தாங்கும், ஆனால் சாரம் கட்டிற காசு இரண்டு தரம் குடுக்கவேணும். அதை நீங்கள்தான் யோசிக்கவேணும்.

படத்தில இருக்கிற கத்தரிப்பூ நிறம் கலந்த நீலம் வட வேல்ஸ் ஸ்லேட் எண்டுதான் எனக்குப் படுது. பெத்தெஸ்டாவில பென்றின் குவாரிக் கல்லின்ட நிறம் அப்பிடி. 1831இல கடல்வழியாய்க் கொண்டுபோற ஸ்லேட்டுக்கு இருந்த வரியை எடுத்த பிறகும், ரயில் ஓடத் தொடங்கின பிறகும் லண்டன், லிவர்பூல், மன்செஸ்டர் எல்லாம் அந்தக் கல்லாலதான் மூடினது. அந்த ஊர்க் குவாரியள் சேர்ந்த நிலத்தை 2021இல யுனெஸ்கோ பட்டியலில சேர்த்தவை. பென்றினில இண்டைக்கும் கல் உடைக்கினம். அந்த ஸ்லேட்டை ஸ்கிப்புக்குள்ள எறிய ஒருத்தர் காசும் கேக்கிறார் எண்டால், கவனம். பழைய வேல்ஸ் ஸ்லேட்டுக்குப் பழைய கட்டடச் சாமான் விக்கிற றிக்ளமேஷன் யாட்டில நல்ல விலை. கழட்டிறவர் அதைக் கொண்டுபோய் வித்துப்போட்டு உங்களுக்குக் கொங்கிறீட் ஓடு போட்டுவிடுவார்.

கணக்கன்

எல்லாம் சரி, ஆனா ஒரு நியாயமான கேள்வி. தெரு அழகா இருக்கணும்னு ஆசைப்படறது கவுன்சில். பணம் கொடுக்கிறது யார்? வீட்டுக்காரன். ஒரு பைசா மானியம் கிடையாது. அதுக்கு மேல இருபது சதவீதம் வாட் வரி. புதுசா வயல்ல வீடு கட்டினா வாட் பூஜ்யம், நூத்து முப்பது வருஷ வீட்டைக் காப்பாத்தினா இருபது. இதுல எந்த நியாயம்? நம்ம ஆளுங்க ரெண்டு வேலை பார்த்து மார்ட்கேஜ் கட்டறவங்க. வேல்ஸ் குவாரி வரலாறு கேட்க நல்லாத்தான் இருக்கு.

மாடிப்படி

வாட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். லிஸ்டட் கட்டடங்களில் ஒப்புதலோடு செய்யும் மாற்றங்களுக்காவது முன்பு பூஜ்ய விகிதம் இருந்தது. 2012 அக்டோபர் 1-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் காலியாகக் கிடந்த வீட்டைப் புதுப்பித்தால் ஐந்து சதவீதம். குடியிருக்கும் வீட்டுக்கு அது உதவாது. விண்ணப்பக் கட்டணமும் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 ஆகிவிட்டது. ஆர்ட்டிக்கிள் 4 காரணமாக மட்டும் விண்ணப்பிக்க நேர்ந்தால் கட்டணம் இல்லை என்று ஒரு சலுகை இருந்தது, அதுவும் 2018 ஜனவரியில் போய்விட்டது. உரிமையையும் எடுத்துக்கொண்டு, கேட்பதற்குக் காசும் வாங்குவது எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை.

ஆனால் கான்கிரீட் ஓடு மலிவு என்ற கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது: கூரையின் எடை. ஈயத்தகடு அண்ணன் அதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஈயத்தகடு

சொல்லுறன். ஸ்லேட் ஒரு சதுர மீட்டருக்கு 25 தொடக்கம் 35 கிலோ வரும். கொங்கிறீட் இன்டர்லொக்கிங் ஓடு 45 தொடக்கம் 55. அறுபது சதுர மீட்டர் கூரை எண்டால் ஒரு டன்னுக்கு மேல பாரம் கூடும். விக்டோரியன் ஆக்கள் கைமரத்தை ஸ்லேட்டுக்குக் கணக்குப் பார்த்துத்தான் வைச்சவை, அதுவும் இறுக்கிப் பிடிச்ச கணக்கு. பாரம் 15 சதவீதத்துக்கு மேல கூடினால் பில்டிங் ரெகுலேஷன் எண்ட கட்டட விதி அதைக் கட்டமைப்பு மாற்றம் எண்டுதான் எடுக்கும். மரம் தாங்குமோ எண்டு கணக்குக் காட்டவேணும், தாங்காட்டி இடையில புது மரம் குடுக்கவேணும். றோட்டில நிண்டு விலை சொன்னவரின்ட கொட்டேஷனில அது இருக்கோ எண்டு பாருங்கோ, இருக்காது எண்டு நான் பந்தயம் கட்டுறன்.

கணக்கனுக்கு: உங்கட வீட்டு முகட்டை றோட்டின்ட அந்தப் பக்கம் நிண்டு ஒருக்காப் பாருங்கோ. நேராய் இருக்கோ, நடுவில தொய்ஞ்சிருக்கோ? லண்டனில எந்த டெரஸிலயும் கொங்கிறீட் ஓடு போட்ட வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முகடு குதிரை முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும்.

கணக்கன்

பார்த்தேன். கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு. ஒழுகலை, அதை மறுபடியும் சொல்றேன்.

மூன்றாம்மாடி

குறுக்கே ஒரு விஷயம். நாங்கள் இருப்பது மூன்றாகப் பிரித்த விக்டோரியன் வீட்டில், மேல் ஃபிளாட். ஆர்ட்டிக்கிள் 4 இல்லாத தெரு என்று நிம்மதியாக இருந்தோம், கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரும் அப்படித்தான் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, மாடிப்படி சொன்ன 'கிளாஸ் சி' பொது அனுமதி ஃபிளாட்டுகளுக்குக் கிடையவே கிடையாது. வெளித்தோற்றம் கணிசமாக மாறினால் நேராக விண்ணப்பம்தான். அதே ஸ்லேட்டை அதே மாதிரி திரும்பப் போட்டால் மாற்றம் இல்லை, அது பழுதுபார்ப்பு. நாங்கள் அந்த வழியில் போனோம்.

லீஸ்ஹோல்டில் (குத்தகை உரிமையில்) இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு ஃபிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் வேலைக்கு முன் கருத்துக் கேட்கும் செக்ஷன் 20 அறிவிப்பு வரவேண்டும். அது ஒழுங்காக வராவிட்டால் அதற்கு மேல் வசூலிக்க ஃப்ரீஹோல்டர் டிரிப்யூனலிடம் விலக்கு கேட்கவேண்டியிருக்கும். கூரைச் செலவு என்று திடீரென்று பில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள்.

கிளாஸ்கோக்காரி

ஸ்கொட்லாந்தில சட்டமும் வேற, கூரையும் வேற. இஞ்ச கைமரத்துக்கு மேல சிலாகை (குறுக்குச் சட்டம்) இல்லை, முழுக்கப் பலகை அடிச்சு அதில நேர ஸ்லேட்டை ஆணியடிப்பினம். கீழ பெரிய ஸ்லேட், மேல போகப் போகச் சின்னனாய் வரும். எங்கட கூரை பலஹூலிஷ் குவாரி ஸ்லேட். அந்தக் குவாரி 1955இலயே மூடியாச்சு, அதால புதுசு எண்டு ஒண்டு இல்லை. உடைச்ச வீட்டுக் கல்லைத் தேடித்தான் வாங்கவேணும். அதால இஞ்ச ஒருத்தரும் ஸ்லேட்டைத் தூக்கி எறியாயினம். லண்டன் ஆக்கள் குடுத்து வைச்சவை.

கடைசிவீடு

கவுன்ஸிலில இருந்து பதில் வந்திட்டுது. எங்கட தெருவுக்கு ஆர்ட்டிக்கிள் 4 இருக்கு, றோட்டைப் பார்த்த கூரைக்கு மட்டும். அதே அளவு, அதே நிறத்தில இயற்கை ஸ்லேட் போட்டால் விண்ணப்பம் தேவையில்லை, பழையதைத் திரும்பப் பாவிச்சால் நல்லம் எண்டு எழுதியிருக்கினம். பின்கூரையில என்ன போடுறது எண்டது எங்கட விருப்பமாம். கொங்கிறீட் எண்டால் முன்பக்கத்துக்கு விண்ணப்பம் போடவேணும், ஆதரிக்க மாட்டினம் எண்டு நேரடியாய்ச் சொல்லிப்போட்டினம்.

இப்ப இவர் கேக்கிறது: முன்பக்கம் ஸ்லேட், பின்பக்கம் கொங்கிறீட் போட்டால் காசு மிஞ்சுமோ? இன்னொண்டு, ஸ்பெயின் ஸ்லேட் எண்டு இரண்டாமவர் எழுதியிருக்கிறார், அது சரி வருமோ? ஃபோம்காரர் திரும்பவும் வந்தவர், அதையும் ஒருக்காச் சொல்லுங்கோ.

மாடிப்படி

ஃபோம் வேண்டாம். ஸ்லேட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டால் கைமரம் ஈரமா, உலுத்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. காற்றோட்டமும் போய்விடும். ஸ்பிரே ஃபோம் அடித்த கூரை என்று சர்வேயர் எழுதினால் கடன் கொடுக்க மறுக்கும் வங்கிகள் பல. விற்கும்போது அதைச் சுரண்டி எடுக்கச் சொல்வார்கள், அதோடு பாதி ஸ்லேட்டும் வந்துவிடும். துண்டுக் காகிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

ஈயத்தகடு

முன்பக்கம் ஒண்டு பின்பக்கம் ஒண்டு எண்டு செய்யலாம், செய்யிறவையும் இருக்கினம். முகட்டுக்கு இரண்டு பக்கமும் பாரம் வித்தியாசமாய் நிக்கிறது எனக்குப் பிடிக்கிறேல்லை. அதைவிட நாங்கள் வழக்கமாய்ச் செய்யிறது இதுதான். இரண்டு பக்கமும் ஸ்லேட்டைப் பக்குவமாய்க் கழட்டி, தட்டிப் பார்த்து, நல்லதைத் தரம் பிரிக்கிறது. உடைஞ்சதும் பொருக்கு விட்டதும் கழிஞ்சு போகும். மிஞ்சின நல்லது எல்லாத்தையும் முன்பக்கத்துக்கு. குறையிற பங்குக்குப் புது ஸ்லேட் வாங்கிப் பின்பக்கத்துக்கு. றோட்டில நிண்டு பார்த்தால் 1890இல அடிச்ச மாதிரியே இருக்கும், கவுன்ஸிலுக்கும் சந்தோசம், புதுக்கல்லும் அரைவாசிதான் வாங்கவேணும்.

அந்தப் பின்பக்கத்துக்கு ஸ்பெயின் ஸ்லேட் தாராளமாய்ப் போதும். உலகத்தில கூரை ஸ்லேட் கூட எடுக்கிறது ஸ்பெயின்தான், கலீசியாப் பக்கம் நல்ல கல் இருக்கு. ஆனால் ஸ்பெயின் எண்ட பேரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டியில ஸ்லேட்டுக்கான தரக்குறி பி.எஸ். ஈ.என். 12326 எண்டு இருக்கும், அதில டி1, எஸ்1 எண்ட தரம் இருக்கோ எண்டு பாருங்கோ. டி2 எண்டால் கல்லுக்குள்ள இருக்கிற இரும்புத் துணுக்கு கறள் பிடிச்சு மண்ணிறக் கோடு கோடாய் வடியும். கொட்டேஷனில கல்லின்ட பேர், அளவு, தடிப்பு எல்லாம் எழுதச் சொல்லுங்கோ. உங்கட முன்பக்கக் கல் 20 க்கு 10 அங்குலம் மாதிரித் தெரியுது, கவுண்டஸ் எண்டு பழைய ஆக்கள் சொல்லுற அளவு. ஒண்டைக் கழட்டி அளந்து பாருங்கோ.

ஆணி செம்பு. இதில விட்டுக்குடுக்கவேண்டாம்.

முகட்டு ஓடு மண்ணில சுட்டதாய் இருந்தால் அதையே திரும்ப வைக்கலாம். 2014இல கூரை வேலைக்கான பி.எஸ். 5534 எண்ட தரவிதி மாறின பிறகு வெறும் சாந்தை நம்பி முகட்டு ஓடு வைக்கேலாது, திருகாணி, கிளிப் எண்டு இயந்திரப் பிடி ஒண்டு வேணும். சிலர் இதைச் சாட்டாய் வைச்சுப் சாந்தில்லாமல் பிடிக்கிற பிளாஸ்டிக் ட்ரை ரிட்ஜ் போடுவினம். பழைய வீட்டில அது பல் செற் மாதிரித் தனியாய்த் தெரியும். சாந்தும் வைச்சு உள்ளுக்குப் பிடியும் குடுக்கலாம், கேட்டால் செய்வினம்.

உங்கட ஒழுக்கின்ட பாதி புகைபோக்கியைச் சுற்றி அடிச்ச ஈயத் தகட்டில இருந்துதான் வருது எண்டு நினைக்கிறன். பழைய ஈயம் வெடிச்சிருக்கும், அல்லது ஆரோ சீமேந்தைப் பூசி மூடியிருப்பினம். கோட் 4 எண்ட தடிப்பில ஈயம், துண்டு துண்டாய், ஒரு துண்டு ஒன்றரை மீட்டருக்கு மேல நீளாமல். நீட்டாய் ஒரே தகடு போட்டால் வெயிலுக்கு விரிஞ்சு பனிக்குச் சுருங்கி வெடிச்சிடும். போட்டவுடன பட்டினேஷன் எண்ணெய் பூசாட்டி முதல் மழையிலயே வெள்ளைக் கறை ஸ்லேட்டில வடியும்.

மாடிப்படி

இதோடு இரண்டு கடதாசி வேலை.

கூரையில் பாதிக்கு மேல் கழற்றி மாட்டினால் கட்டட விதிகளைப் பார்க்கும் பில்டிங் கண்ட்ரோலுக்குத் தெரிவிக்கவேண்டும். ரூஃபர் காம்பிட்டண்ட் ரூஃபர் திட்டத்தில் பதிவானவர் என்றால் அவரே சான்றிதழ் தருவார், இல்லாவிட்டால் நீங்கள் விண்ணப்பிக்கவேண்டும். வெப்பக் காப்பையும் உயர்த்தச் சொல்வார்கள். லாஃப்ட் தரையில் 270 மில்லிமீட்டர் மினரல் கம்பளி விரித்தால் பெரும்பாலும் போதும். சரிவிலேயே வெப்பக் காப்புப் பலகை வைத்துக் கூரையைத் தூக்கவேண்டியதில்லை. கூரை உயர்ந்தால் தெருவின் கோடு கெடும், கொன்சர்வேஷன் ஏரியாவில் அதற்காக விலக்கும் உண்டு. கம்பளியை ஓரங்களில் அடைத்துக் காற்றை நிறுத்திவிடாதீர்கள். சுண்ணாம்பும் இடைவெளியும் இருந்த கூரை இவ்வளவு நாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஸ்லேட்டுக்குக் கீழே மெம்பிரேன் விரிப்பு போட்டு மூடிய பிறகு குளியலறை ஆவி எல்லாம் லாஃப்டில்தான் தண்ணீராகும்.

இரண்டாவது வௌவால். சிரிக்காதீர்கள். கைமரத்தடியில் எலிப் புழுக்கை மாதிரி, நசுக்கினால் பொடியாகும் எச்சம் இருக்கிறதா? இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். வௌவால் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம், வௌவால் அந்த நேரம் உள்ளே இல்லாவிட்டாலும் குற்றம்தான். மே முதல் செப்டம்பர் வரைதான் அந்தி நேரச் சர்வே செய்வார்கள், அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம். வௌவால் இருக்கும் கூரையில் சாதாரண மெம்பிரேன் போடக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. அதன் நார்களில் கால் சிக்கிச் செத்துவிடும், பழைய பிட்டுமென் ஃபெல்ட் கேட்பார்கள்.

கணக்கன்

வௌவாலுக்குக் கூட சர்வே. சரி, என் கேள்வி ஒண்ணு. சோலார் போடலாமா? இல்ல அதுக்கும் தெரு அழகு குறுக்க வருமா?

மாடிப்படி

பொதுவாகப் போடலாம். கொன்சர்வேஷன் ஏரியாவில் தெருவைப் பார்த்த சுவரில்தான் தடை. கூரைச் சரிவில் 200 மில்லிமீட்டருக்குள் துருத்தினால் பொது அனுமதி உண்டு, ஆர்ட்டிக்கிள் 4 அதையும் எடுத்திருக்காவிட்டால். கடைசிவீடு, உங்களுக்குப் பின்கூரை தெற்குப் பார்த்திருந்தால் இதே சாரத்தில் கொக்கிகளையாவது வைத்துவிடச் சொல்லுங்கள். புது ஸ்லேட்டைப் பின்னால் வேறு ஒருவர் வந்து துளைக்கவேண்டாம். உங்கள் கூரைக்கு அந்தக் கூடுதல் எடையையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்கலாம்.

கடைசிவீடு

பின்பக்கம் வடக்கு. அந்தக் கவலை இல்லை. வௌவால் எச்சமும் இல்லை, டோர்ச் அடிச்சு மூலை மூலையாய்ப் பார்த்தாச்சு.

இரண்டாமவரைத் திரும்பக் கூப்பிட்டு ஈயத்தகடு அண்ணை சொன்ன மாதிரி எழுதிக் கேட்டன். பழைய ஸ்லேட் முன்பக்கம், பின்பக்கத்துக்கு மட்டும் புது ஸ்பெயின் ஸ்லேட், செம்பாணி, கோட் 4 ஈயம். அவர் முதல் சொன்னதில நாலாயிரத்துக்குக் கிட்டக் குறைச்சிட்டார். கொங்கிறீட்காரரிட்ட மரத்துக்குக் கணக்கு உண்டோ எண்டு கேட்டன், பிறகு அவர் ஃபோன் எடுக்கேல்லை.

இவருக்கு இப்ப ஒரே ஒரு யோசனை. பக்கத்து வீட்டுக் கொங்கிறீட் ஓடு எங்கட ஸ்லேட்டைவிட உயரமாய் நிக்குது. இப்ப அந்தக் கரையில சீமேந்து பூசி விட்டிருக்கு, அது வெடிச்சிருக்கு. அந்த இடத்தில என்ன செய்யிறது? அவையளிட்ட அனுமதி கேக்கவேணுமோ?

மூன்றாம்மாடி

மிஞ்சும் ஸ்லேட்டை விற்பதாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். எங்கள் கூரையும் அதே நிறம்தான், பழுதுக்கு வைத்துக்கொள்வேன்.

கணக்கன்

நாலாயிரம் குறைஞ்சது எனக்கே ஆச்சரியம். ஆனா அந்த மிச்ச ரெண்டாயிரத்தை யார் கொடுக்கிறாங்கன்னு கேட்டா இன்னும் பதில் இல்லை.

ஈயத்தகடு

தங்கச்சி, ஒழுக்கின்ட மற்றப் பாதி அந்தக் கரையிலதான். ஸ்லேட்டும் ஓடும் சேருற இடத்தில சீமேந்து நிக்காது, இரண்டும் வேற வேற மாதிரி அசையும். அங்க பொண்டிங் கட்டர் எண்டு ஒரு ஒடுக்கமான பீலி இருக்கு, ஃபைபர் கிளாஸில வரும், நடுவில ஒரு மேடு நிக்கும். அதை முகட்டில இருந்து இறவாரம் வரைக்கும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு நேர் மேல விட்டு, உங்கட சிலாகை ஒரு பக்கம், அவையின்ட சிலாகை மற்றப் பக்கம். அவையின்ட ஓட்டில ஒரு வரிசை தூக்கித் திரும்ப வைக்கவேண்டி வரும். கூரையை மட்டும் மாத்திறதுக்குப் பார்ட்டி வோல் (பொதுச் சுவர்) அறிவித்தல் வழக்கமாய்த் தேவையில்லை. ஆனால் அவையின்ட ஓட்டைத் தொடுறபடியால் முதலே கதவைத் தட்டிச் சொல்லி, சம்மதத்தை ஒரு மின்னஞ்சலில எழுதி வாங்குங்கோ. அவையின்ட ஓடு பழைய மொடல் எண்டால் உடைஞ்சால் மாத்த ஓடு கிடையாது, அதால கழட்டேக்கை இரண்டு பேர் நிண்டு தூக்கச் சொல்லுங்கோ.

கொட்டேஷனில இந்தப் பீலி தனி வரியாய் இருக்கவேணும். கழட்டிற ஸ்லேட் எல்லாம் வீட்டுக்காரருக்குச் சொந்தம் எண்டு இன்னொரு வரி. சாரம் நடைபாதையில நிக்கிறதெண்டால் கவுன்ஸில் லைசென்ஸ் ஆர் எடுக்கிறது எண்டும் எழுதுங்கோ. மூன்றாம்மாடிக்குக் குடுக்கிறதுக்கு முதல் ஒரு ஐம்பது ஸ்லேட்டை நீங்கள் பின்வளவில அடுக்கி வையுங்கோ. படுக்க வைக்காமல், விளிம்பில நிமிர்த்தி.